பெயிண்ட் கடைக்குப் போகும் முன் பல்பை வாங்கி மாட்டிவிடுங்கள்

மதுரை திருநகர் பக்கம் ஒரு மாடி பெட்ரூம். கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 11 அடி, மேற்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒன்று. இந்த ஒரே ஒரு அறைக்குப் பெயிண்ட் அடித்து லைட் மாட்டியதில் தண்டமாகப் போனது 13,900 ரூபாய். ஹாலில் பாய் விரித்துப் படுத்தது 11 நாள். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீணான பெயிண்ட் 4 லிட்டர், 2,400. அதை மறைக்க மறுபடி பிரைமர், 500. இரண்டு ஆள் இரண்டு நாள் கூலி, 3,600. கழற்றிப் போட்ட ஆறு டவுன்லைட், 2,700. பட்டி பார்த்து முடித்த சுவரைத் திரும்ப வெட்டி ஸ்விட்ச்சுக்கு வயர் இழுத்தது, 1,500. ஸ்ட்ரிப் லைட்டும் அதன் அலுமினியப் பட்டையும் 3,200. இதில் ஒரு ரூபாய்கூட மட்டமான சரக்கால் போனதில்லை. பெயிண்டும் நல்ல பெயிண்ட், லைட்டும் நல்ல லைட். வாங்கிய வரிசைதான் தப்பு.

கலர் எடுத்தது சாம்பல் கலந்த ஒரு வெளிர் பச்சை. கடைக்காரர்களிடம் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், இங்கிலீஷ் கலர். ஷேடு கார்டில் தபால் தலை அளவுக் கட்டத்தில், கடையின் வெள்ளை டியூப் லைட்டுக்குக் கீழே, மழை பெய்த காலையில் கொய்யா இலை மாதிரி இருந்தது. சுவரில் இரண்டு கோட் ஏறி, சாயங்காலம் ஐந்து மணி வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தபோது சாணி மெழுகிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி லைட்டைப் போட்டால் இன்னும் மோசம், காய்ந்த கடுகுச் செடி. பெயிண்டர், "காஞ்சா சரியாயிரும்ணே" என்றார். எமல்ஷன் காய்ந்தால் ஒரு பிடி கூடுதலாகக் கறுக்குமே தவிர வெளுக்காது. ஈரமாக இருக்கும்போது தெரிகிற கலர்தான் இருப்பதிலேயே வெளிர் கலர். காய்ந்தால் சரியாகும் என்ற பேச்சை நம்பி இரண்டாவது கோட் அடிக்கவிட்டதில்தான் பாதிக் காசு போனது. மனசுக்கு ஒப்பாத கலரை முதல் கோட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் தப்பிக்கலாம். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண்தான் கெல்வின். கடையில் எரிகிற டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெள்ளை. வீட்டில் மாட்டியது 3000 கெல்வின் மஞ்சள் லைட். மஞ்சள் லைட்டில் நீலப் பங்கு மிகக் குறைவு. சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் இருப்பதைத்தான் திருப்பி அனுப்ப முடியும். சாம்பல் பச்சை, சாம்பல் நீலம், வெளிர் லாவெண்டர் எல்லாம் நீலத்தை நம்பிப் பிழைக்கிற கலர்கள். அது இல்லாதபோது பச்சை மஞ்சளாகச் சாயும், லாவெண்டர் மங்கிப் பழுப்பேறும். சாயங்கால வெயிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. கிளிப்பச்சை, மயில் கழுத்து மாதிரி அழுத்தமான கலர் அவ்வளவு தடம் மாறாது. சாம்பல் அதிகம் கலந்த இங்கிலீஷ் கலர்தான் லைட்டுக்கு ஒரு வேஷம் போடும். வேடிக்கை என்னவென்றால், சுங்குடிப் புடவை எடுக்கப் போனால் கடை வாசல் வரை கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காத ஊர் இது. முழுச் சுவருக்கு ஆகிற பெயிண்டை மட்டும் கடைக்குள்ளேயே பார்த்து "சரி, கலக்குங்க" என்று சொல்லிவிடுகிறோம். மெஷினில் கலக்கிய டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், அவர்மேல் குறையும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் பல்பு. ராத்திரி அந்த அறையில் என்ன லைட் எரியப் போகிறதோ அதே கம்பெனி, அதே கெல்வின் பல்பு ஒன்றை வாங்கி ஹோல்டரில் மாட்டிவிடுங்கள். பிறகு கலர். சில கம்பெனிகள் 200 மில்லி சாம்பிள் டப்பா தருகின்றன. கிடைக்காவிட்டால் 1 லிட்டர் வாங்கினாலும் நஷ்டமில்லை. 2 அடிக்கு 2 அடி பிளைவுட் துண்டு அல்லது கெட்டி அட்டையில் வெள்ளை பிரைமர் ஒரு கோட், மேலே கலர் இரண்டு கோட். ஓரத்தில் இரண்டு விரற்கடை வெள்ளையாக விட்டுவிடுங்கள். பழைய சுவர் கலருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் அதோடு ஒப்பிட்டு ஏமாறும், அந்த வெள்ளை ஓரம்தான் பிரித்துக் காட்டும். இந்தப் பலகையை ஜன்னல் சுவரில் ஒருமுறை, எதிர்ச்சுவரில் ஒருமுறை, மூலையில் ஒருமுறை சாய்த்து வைத்து, காலை ஏழு மணி, நடுப்பகல், சாயங்காலம் ஐந்து, ராத்திரி பல்பு வெளிச்சம் என்று நாலு வேளையும் பார்க்க வேண்டும். சின்னக் கட்டத்தில் சாதுவாகத் தெரிகிற கலர் நாலு சுவரிலும் ஏறியதும் ஒன்றையொன்று பிரதிபலித்து அழுத்தமாகிவிடும். கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிர்ந்ததை எடுப்பது பாதுகாப்பு.

வேளை மட்டுமல்ல, மாதமும் மாற்றும். மதுரைக்குச் சித்திரை பிறக்கும் வாரத்தில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நினைத்தால் அந்த மாதங்களில் காலையும் மாலையும் வரும். மேற்கு ஜன்னல் வெயிலும் அப்போது அறையின் தெற்குச் சுவரில் விழும், மார்கழியில் வடக்குச் சுவர்ப் பக்கம் விழும். மார்கழியில் பார்த்து எடுத்த கலர் சித்திரையில் வேறு முகம் காட்டுவது இதனால்தான். இன்னொன்று, எதிர் வீட்டுச் சுவர். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ரோஸ், ஆரஞ்சு, பச்சை என்று எதை வேண்டுமானாலும் அடித்திருப்பார். நாலடிச் சந்தில் வெயில் அந்தச் சுவரில் பட்டு நம் ஜன்னலுக்குள் அந்தக் கலராகவே வரும். பலகையை வைத்துப் பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும். கார்டில் தெரியாது.

ஷேடு கார்டின் பின்புறமோ கம்பெனி விவரத்திலோ எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவை அந்தக் கலர் திருப்பித் தருகிறது என்ற கணக்கு. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல். பெட்ரூமில் பெரும்பாலான சுவர்களுக்கு 65க்கு மேல் இருந்தால் ஒரு டியூபிலேயே அறை நிறைந்துவிடும். 40க்குக் கீழே போனால் லைட்டை ஒன்றரை மடங்காக்க வேண்டியிருக்கும். டார்க் கலர் ஒரு சுவரில் ஆசைப்பட்டால் தலைமாட்டுச் சுவர்தான் சரி. ஜன்னல் இருக்கிற சுவரில் டார்க் அடித்தால் வெளியே பளீர், சுற்றி இருட்டு, பகலெல்லாம் கண் கூசும். அந்தச் சுவர் எப்போதும் வெளிர் கலராகவே இருக்கட்டும். உள்ளே வெளிர் கலர் அடித்தால் அறை குளிரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மேற்கு வெயில் சூடேற்றுவது வெளிப்பக்கச் சுவரையும் மொட்டை மாடியையும். அங்கே வெள்ளை அடித்தால் பலன் உண்டு. உள் கலர் அனலைக் குறைக்காது.

இப்போது லைட். ஃபால்ஸ் சீலிங் போட்டவர் வரிசையாக ஆறு ஓட்டை போட்டு, 12 வாட்ஸ் டவுன்லைட் ஆறு மாட்டிவிட்டார். வெளிச்சத்தை அளக்கிற லூமென் கணக்கில் ஒவ்வொன்றும் ஆயிரம் அளவுக்கு வரும். 132 சதுர அடி அறைக்கு 6,000 லூமென் என்பது ஜவுளிக் கடை வெளிச்சம். அதில் இரண்டு நேராகத் தலையணைக்கு மேலே. படுத்தால் கண்ணில் குத்தும். இன்னும் இரண்டு ஃபேனுக்குப் பக்கத்தில். சாதாரண 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை போகும். லைட் இறக்கைக்கு மேல் மட்டத்தில், அதற்கு அருகில் இருந்தால் வெளிச்சத்தை இறக்கை வெட்டி வெட்டி விடும். சுவரெல்லாம் படபடவென்று துடிக்கும், அரைமணி நேரத்தில் தலைவலி. லைட் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு முறை மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஃபேனை நிறுத்திப் பாருங்கள், துடிப்பு நின்றால் லைட் மேல் குற்றமில்லை. டவுன்லைட் போட்டே ஆக வேண்டும் என்றால் சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள் ஒதுக்கிப் போட வேண்டும். சீலிங் வேலைக்கு முன்னாலேயே கட்டில், பீரோ, ஃபேன் எங்கே என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினால் இந்தக் கூத்தே இல்லை.

அந்த ஆறையும் கழற்றியபின் நின்றது இது. வடக்கே தலை வைக்கக்கூடாது என்பதால் கட்டிலின் தலைமாடு தெற்குச் சுவரில். அந்தச் சுவரிலேயே 7.5 அடி உயரத்தில் 20 வாட்ஸ் எல்ஈடி டியூப், 4000 கெல்வின், 2,000 லூமென். ஃபேன் இறக்கைக்குக் கீழ் மட்டம் என்பதால் துடிப்பு அறைக்குள் வராது. படுத்திருப்பவர் கண்ணிலும் டியூப் படாது. பீரோவுக்கு முன்னால் மட்டும் பழைய ஓட்டை இரண்டில் 7 வாட்ஸ். புடவைக் கலர் சரியாகத் தெரிய வேண்டிய இடம் அது, அங்கே சிஆர்ஐ, அதாவது கலரை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்கிற எண், 90க்கு மேல் இருக்கிற லைட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண பல்பில் 80தான் இருக்கும். கடையில் சோதிக்க ஒரு சுலப வழி, கொஞ்சம் குங்குமம் மடித்துக்கொண்டு போங்கள். மட்டமான லைட்டில் குங்குமம் செங்கல்பொடி மாதிரி தெரியும். செல்போன் கேமராவை லைட்டுக்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடுகிறதா என்றும் பார்த்துவிடலாம். அழுத்தமாக ஓடினால் அந்த லைட் துடிக்கிறது, பெட்ரூமுக்கு வேண்டாம். கட்டிலின் இரு பக்கமும் தரையிலிருந்து நாலேகால் அடியில் மூடி போட்ட 5 வாட்ஸ் சுவர் விளக்கு, 2700 கெல்வின். தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் இது மட்டும் எரிந்தால் போதும். நீலம் தூக்கலான வெள்ளை லைட் தூக்கத்தைத் தள்ளிப் போடும். ராத்திரி பாத்ரூம் போக, கதவுப் பக்கம் தரையிலிருந்து ஒரு அடியில் அரை வாட்ஸ் எல்ஈடி. நம் வீடுகளில் தலைக்கு மேல் எரிந்த பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு பெயரில்தான் ஜீரோ, 15 வாட்ஸ் வரை இழுக்கும்.

டியூபுக்குக் கதவுப் பக்கம் ஒரு ஸ்விட்ச், கட்டிலில் கை எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச், எதிலிருந்தும் போட்டு அணைக்கிற டூ வே. பட்டி பார்க்கும் முன் செய்திருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் பைப்பும் வயரும்தான். பெயிண்ட் அடித்த பிறகு செய்ததால் 1,500, வெட்டிய தடத்தை மறைக்க மறுபடி பட்டி, உப்புத்தாள், தூசி. கட்டில் பக்க ஸ்விட்ச் பெட்டி தரையிலிருந்து இரண்டேகால் அடியில் இருந்தால் மெத்தைக்கு மேலே கை போகும். ஒன்றரை அடியில் வைத்தால் மெத்தைக்குப் பின்னால் புதைந்துவிடும். ஸ்விட்ச் அணைத்த பிறகும் எல்ஈடி மினுக்மினுக்கென்று லேசாக எரிகிறதா? பெரும்பாலும் ஸ்விட்ச் கரண்ட் வருகிற ஃபேஸ் வயருக்குப் பதில் நியூட்ரல் வயரை வெட்டுகிறது என்று அர்த்தம், அல்லது ஸ்விட்ச்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறது. முதலாவதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கட்டாயம் சரி பண்ண வேண்டும். அணைத்த நிலையிலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். ஃபேன் ரெகுலேட்டரில் எல்ஈடியைக் கோத்து வெளிச்சத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அதற்கென்று செய்த பல்பும் டிம்மரும் வேறு.

ஸ்ட்ரிப் லைட் கதை தனி. சீலிங் ஓரமாக ஒட்டி, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு கீழே வருகிற மாதிரி போட்டிருந்தது. படத்தில் பார்க்க அழகு. எரியவிட்டதும் சுவரில் பட்டி பார்த்த தகட்டின் ஒவ்வொரு இழுப்பும் மேடு பள்ளமாகத் தெரிந்தது, ஏர் உழுத வயல் மாதிரி. அதற்கு மேல் பளபளப்பு ஃபினிஷ் பெயிண்ட் வேறு, இருக்கிற குறையை இரட்டிப்பாக்கியது. பார்த்த ராத்திரி அழுகையே வந்துவிட்டது. சுவரை உரசி வருகிற வெளிச்சம் எங்கே இருந்தாலும் அங்கே பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்தான். டியூபும் அப்படி உரசுவதால் தலைமாட்டுச் சுவருக்கு அதனால்தான் மேட். பட்டி இரண்டு கோட், 180 நம்பர் உப்புத்தாள், கடைசியாக 320. தேய்த்து முடித்ததும் நல்ல பெயிண்டர் ஒரு பல்பை வயரோடு கையில் எடுத்து சுவரோடு ஒட்டிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். அவர் பார்க்காவிட்டால் நீங்கள் பாருங்கள், இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சே போதும். குறை தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துவிட்டால் காலையில் பேச்சுக்கே இடமில்லை. சுவர் உப்புப் பூத்து, பாத்ரூம் பக்கம் ஈரம் ஊறினால் மேலே என்ன அடித்தாலும் பொரிந்து உதிரும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு எடுத்தால், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். நின்றால் முதலில் பிளம்பர், பிறகுதான் பெயிண்டர்.

அளவுக் கணக்கு பெயிண்டரிடம் விடாதீர்கள். சுற்றளவு 46 அடி, ஃபால்ஸ் சீலிங் போக உயரம் 9.5, ஆக 437 சதுர அடி. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல் 70 போகும். 6 அடி அகல பீரோ 57 போகும். மீதி 310. நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் 2.6 லிட்டர். கலரில் தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவிலேயே இருக்கும். கூடினால் மூன்றாவது கோட் கேட்கும். இரண்டாம் தடவை தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் 114 சதுர அடி, 1 லிட்டர் போதும் என்று எடுத்ததில் ஒரு சின்ன அடி. டார்க் கலருக்கான பேஸ் டப்பாவில் கலர் சேர்க்க இடம் விட்டு 900 மில்லிதான் வரும். மூலையில் ஒரு முழம் குறைந்தது. ஒரே ஷேடு நம்பராக இருந்தாலும் வேறு நாள் கலக்கிய டப்பா இம்மி வித்தியாசப்படும், அதனால் ஒன்றுக்கு மேல் டப்பா என்றால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மேற்குச் சுவரைக் காலையில் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்குமேல் சுவர் சுடும், ரோலர் போட்ட இடம் காய்ந்தபிறகு பக்கத்தில் ஓட்டினால் பட்டை பட்டையாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு, நாலு மணி நேரத்தில் காய வேண்டிய கோட்டை மறுநாள் வரை விட வேண்டியிருக்கும்.

எலக்ட்ரிக் பைப், பட்டி, பிரைமர், முதல் கோட், பிறகு லைட்டையெல்லாம் மாட்டி ஒரு ராத்திரி எரியவிட்டுப் பார்த்து, கடைசி கோட். லைட்டில் பெயிண்ட் தெறிக்கும் என்று பெயிண்டர் சலித்துக்கொள்வார், பேப்பர் சுற்றி டேப் ஒட்டினால் தீர்ந்தது. இப்போது மூன்று சுவரிலும் இருப்பது இம்மி நீலச் சாயல் கொண்ட வெள்ளை. அந்தக் காலத்தில் சுண்ணாம்பு அடிக்கும்போது நீலம் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றியது இதற்குத்தான், பழுப்பேறிய வெள்ளையை அந்த நீலம் சமன் செய்துவிடும். மேற்கு வெயில் விழும்போது சந்தன வெள்ளை, ராத்திரி டியூபில் சுத்த வெள்ளை. தலைமாட்டில் மயில் கழுத்து. டப்பா லேபிளை, ஷேடு நம்பர், பேஸ், ஃபினிஷ் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவைத்தாயிற்று. மிச்சம் இருந்த கால் லிட்டரைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் ததும்ப ஊற்றி மூடினால் ஆடை படியாமல் நிற்கும். 3,200 ரூபாய் ஸ்ட்ரிப் லைட் பரணில் சுருட்டிக் கிடக்கிறது, வருகிற நவராத்திரிக்குக் கொலுப்படியில் ஒட்டலாம் என்று.